சாராம்மாவின் காதுக்கு ஒரு கிட்டார்

கண்ணாடி வால்வுக்குள் இருந்த கறுப்புத் தகடு செக்கச் செவேலென்று சிவந்ததைப் பார்த்ததும் எலியா ஆம்ப்ளிஃபயர் பெட்டியை நோக்கிப் பாய்ந்தான். சுவிட்சை அணைத்தான். வார்னிஷ் கருகும் வாசனை ஆலயத்தின் முன்பெஞ்சு வரைக்கும் பரவிவிட்டது.

சாயங்காலம் ஆகிவிட்டது; சபையின் வருடாந்திர ஜெபக்கூட்டமான கன்வென்ஷன் தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லை.

பாறசாலையிலிருந்து குன்னத்துகால் போகும் வழியில் இருந்தது அந்தச் சபை. பாட்டுத் தலைவர் ஈசாக்கின் குழு வாயைத் திறந்தால் ஓடு அதிரும். அதற்கு நடுவே எலியாவின் மனைவி சத்தியபாய் வாசிக்கும் ஹவாயன் கிட்டார் இருந்த இடம் தெரியாது. ஈசாக் கறாராகச் சொல்லிவிட்டார்: கன்வென்ஷன் முதல் நாளில் கடைசி பெஞ்சு சாராம்மாவின் காதில் விழவேண்டும், விழாவிட்டால் கிட்டாருக்கு இனி ஆலயத்தில் இடமில்லை. சாராம்மாவுக்கோ இடி இடித்தாலே பாதிதான் கேட்கும்.

சத்தியபாய் கிட்டாரை உறையில் போட்டுக் கட்டினாள். அன்றைக்கு வீட்டில் மரச்சீனிக் கிழங்கு உப்பில்லாமல் வெந்தது. எலியாவுக்கு அந்தக் குறிப்பு போதும்; கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தான்.

ஸ்டேஷன் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் அவன். பழைய ஹெட்போனின் காந்தச் சுருளைக் கழற்றி, சத்தம் பிடிக்கக் கிட்டார்க் கம்பிகளுக்கு அடியில் பொருத்தியது சுலபமாக முடிந்தது. தண்ணி காட்டியது பவர் பகுதிதான். ஒன்று தள்ள, ஒன்று இழுக்க, தடித்தடியாக இரண்டு வால்வுகள். அவை முழு பலத்தோடு உழைக்க முந்நூற்றைம்பது வோல்ட் தீனி வேண்டும். ஊரோ கரண்டு லைனின் கடைசியில் கிடந்தது. பேருக்கு இருநூற்று முப்பது வோல்ட். சாயங்காலம் சினிமாக் கொட்டகையும் குட்டப்பனின் நெல்லுகுத்து மில்லும் ஓடத் தொடங்கினால் நூற்றெழுபது வந்தாலே பெரிது. பல்பு பழுத்த மிளகாய் மாதிரி தொங்கும்.

எலியா தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, அந்த நூற்றெழுபதுக்கென்றே டிரான்ஸ்பார்மர் சுற்றினான். வீட்டில் தட்டிப் பார்த்தபோது அடுத்த விளையில் மேய்ந்த மாடு மிரண்டது.

அந்தப் பெட்டிதான் இப்போது வேகிறது. வால்வு போனால் திருவனந்தபுரத்திலிருந்துதான் வரவேண்டும். இன்றைக்கு பஸ்ஸும் கிடையாது. தமிழ்த் தாலுகாக்களை மதராஸோடு சேர்க்கச் சொல்லி ஹர்த்தால்.

கம்பிகளை இணைத்த ஈயப் பற்றுவைப்புகளை ஒவ்வொன்றாக நெம்பிப் பார்த்தான். ஒரு பழுதும் இல்லை. அதற்குள் காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரர் சோமன் எட்டிப் பார்த்தார். ஹர்த்தால் நடத்தும் சமரக்காரர்களின் மைக் செட்டோ என்று அவருக்குச் சந்தேகம். மலையாளத்தில் விசாரித்தவரிடம் எலியாவும் மலையாளத்திலேயே, பேசுகிற சாதனம் இல்லை, பாடுகிற சாதனம் என்று சத்தியம் பண்ணினான். பாடி முடிகிற வரைக்கும் போகமாட்டேன் என்று சோமன் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

சத்தியபாய் கிட்டாரை மடியில் வைத்தபடி தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாருங்க. குட்டப்பனுக்க மில்லு சத்தம் கேக்குதா?"

"அது எங்க கேக்கும்? ஹர்த்தாலாக்கும் இன்னைக்கு."

சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்த்தான். பட்டப்பகல் மாதிரி எரிந்துகொண்டிருந்தன ஆலயத்து பல்புகள்! மில் இல்லை, சினிமா இல்லை, கடை இல்லை. லைனின் இருநூற்று முப்பது வோல்ட் முழுவதும் வடிகட்டாமல் இங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பட்டினி கிடந்து பழகிய பெட்டிக்குக் கல்யாண விருந்து.

மிச்ச வோல்டை வழியிலேயே யாராவது தின்னவேண்டும். எலியாவின் கண் பாடகர் குழுவின் தலைக்கு மேலே போய் நின்றது. இருநூறு வாட்ஸ் பல்பு. ஆலயத்தில் அவ்வளவு பெரியது அது ஒன்றுதான். கரண்டு அதன் வழியாக நுழைந்து பெட்டிக்குப் போகும்படி செய்தால் கணக்குச் சரியாகும்.

ஏணியோடு வந்தவனை ஈசாக் மறித்தார். "எலே, அதக் கழத்துனா நான் புஸ்தகத்த எப்பிடிடே பாப்பேன்?"

"நீங்க என்னைக்கு சாரே புஸ்தகத்தப் பாத்துப் பாடுனீங்க?" என்றாள் சத்தியபாய். "கண்ண மூடிக்கிட்டுல்லா பாடுவீங்க."

குழுவில் பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஈசாக் வழி விட்டார்.

பஸ் இல்லாத ஊரில் போக இடமில்லாமல் இருந்தவர்கள் எல்லாம் நடந்தே வந்து ஆலயத்தை நிறைத்தார்கள். கழற்றிய பல்பைப் பெட்டிமேல் கரண்டு வழியில் கோத்துவிட்டு எலியா சுவிட்சைப் போட்டான். பெட்டிமேல் நின்ற பல்பு மங்கலாக, கனல்போல் எரிந்தது. வால்வுத் தகடு கறுப்பாகவே இருந்தது.

சத்தியபாய் முதல் சுரத்தை இழுத்தாள்.

அது குழுவின் குரலைத் தாண்டிக்கொண்டு கடைசி பெஞ்சு வரை போனது. அதோடு, எலியாவே எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அவள் ஓங்கித் தட்டும்போதெல்லாம் வால்வுகள் கூடுதலாகக் கரண்டு உறிஞ்ச, பல்பு பளிச்சென்று விரிந்தது. விரல் தணிந்தால் சுருங்கியது. பாட்டோடு சேர்ந்து மூச்சு விட்டது. ஜன்னலோரம் சோமனின் லத்தி சுவரில் தாளம் போட்டது. ஈசாக் ஆயுசில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு பாடினார்.

ஜெபம் முடிந்ததும் அவர் நேரே கடைசி பெஞ்சுக்குப் போனார். எலியாவும் சத்தியபாயும் பின்னாலேயே ஓடினார்கள். கிட்டார் கேட்டதா என்று ஈசாக் சாராம்மாவின் காதருகே குனிந்து கத்தினார்.

"எதுக்கு மக்கா கத்துக? கேக்கவும் செய்தேன், காணவும் செய்தேன்," என்றாள் சாராம்மா. "நாளைக்கும் உண்டும்தானே?"

கிட்டார் உண்டு, பல்பு இராது என்று எலியா விளக்கினான். நாளைக்கு மில் ஓடும், வோல்ட் இறங்கிவிடும், பல்புக்கு வேலையில்லை.

ஈசாக் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"எங்க சாரே?"

"குட்டப்பனக் கண்டுட்டு வாறேன். கன்வென்ஷன் முடியிறது வர சாயங்காலம் மில்ல அடைச்சுப் போடச் சொல்லணும்."

அன்றைக்கு ராத்திரி கிழங்கில் உப்பு சரியாக இருந்தது.