குழாய்க்காரிக்கு ஐந்து மார்க்

என் அப்பா பிடித்த முயலுக்கு மூன்றே கால். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். காலமெல்லாம் உச்சியில் தனியாக உட்கார்ந்து பழகியதால் கீழே இருப்பவர்கள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது என்பது என் கணிப்பு. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று டாக்டர் சொன்னார். சில மாதம் ஒழுங்காகப் போனார். ஒருநாள் காலையில் சட்டை போடாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "இனிமே வரல. போதும்" என்றார்.

நான் கத்தினேன். குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் பிரிவில் வேலை எனக்கு. பகலெல்லாம் ஊரே என்னைப் பார்த்துக் கத்தும். திருப்பிக் கத்த எனக்கு வீடுதான் கிடைத்தது.

"போகலன்னா என்ன ஆகும்னு தெரியுமாப்பா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

அவர் குரலில் கோபம் இல்லை.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் போன் செய்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். "அண்ணே, 'புதுக்கோள்' வந்தாச்சு. குழாய்க்காரி கப்பலுக்கு வெளிய மாட்டிக்கிட்டா. உங்க பங்கை யார்கிட்ட கொடுக்கட்டும்?" என்று அவர் கேட்டது என் காதிலும் விழுந்தது.

அப்பா சட்டையை எடுத்தார். ஆட்டோவில் ஏறும்போது ஒரு நிபந்தனை போட்டார்.

"அந்தக் கதை முடியிற வரைக்கும் வரேன். முடிஞ்ச அன்னைக்கு நிறுத்திடுவேன். அப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது. சத்தியமா?"

தொடர்கதை எங்கே முடியப்போகிறது என்ற தைரியத்தில் சத்தியம் செய்துவிட்டேன்.

'புதுக்கோள்' வாரப் பத்திரிகை. வியாழக்கிழமை வரும். உள்ளே ஐந்து சித்திரக் கதைகள். ஐந்தும் விண்வெளி, இயந்திர மனிதன், வருங்காலம் என்று இந்த உலகத்துக்குச் சம்பந்தமில்லாதவை, ஐந்தும் தொடரும். டயாலிசிஸ் அறையில் யாரோ விட்டுப்போன ஒரு பிரதியிலிருந்து தொற்றிய நோய் இது. அங்கே ஆறு நாற்காலி. உட்கார்ந்தால் நாலு மணி நேரம். ஒரு கையில் இரண்டு ஊசி குத்தி மெஷினோடு குழாயால் இணைத்துவிடுவார்கள்; அந்தக் கையை அசைக்கக் கூடாது. மிச்சமிருக்கும் ஒற்றைக் கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே பக்கமும் புரட்டுவது முடியாத காரியம். அதனால் சிஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். இதழ் வந்ததும் பின்னைப் பிடுங்கி ஐந்து கதைகளையும் தனித்தனியாகப் பிரித்து, நோயாளிகளின் அறிக்கையைச் செருகும் அட்டைகளில் ஒவ்வொன்றாகச் செருகிக் கொடுப்பார். ஒருவர் "மாத்து!" என்று குரல் கொடுத்தால் அட்டைகள் நாற்காலி மாறும். மேலட்டையில் படம் அழகாக இருக்கும் என்பதால் அதை மட்டும் சுவரில் ஒட்டிவிடுவார். சுவர் முழுக்கச் சிவப்புக் கிரகங்களும் இரும்புக் கைகளும்.

சண்டைக்குக் குறைவே இல்லை. டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடும் அம்மாள், "காத்தே இல்லாத இடத்துல வெடிச் சத்தம் எப்படிக் கேக்கும்?" என்று வாராவாரம் ஆசிரியருக்கு எழுதுவார். பதில் வராது, மறுபடி எழுதுவார். பக்கத்து நாற்காலி கேஷியர் மாமாவுக்கு ரோபோ யுத்தம்தான் உயிர். அதில் ஒரு ரோபோ செத்துப்போன அன்று கண்ணீர் விட்டுவிட்டு, கண்ணில் சொட்டு மருந்து போட்டேன் என்று சாதித்தார். ரோபோவைக் கல்யாணம் செய்துகொண்டால் அது மனைவியா இல்லையா என்ற விவகாரத்தில் இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

குழாய்க்காரி விஷயத்தில் மட்டும் அறையே ஒரே கட்சி. அவள் ஒரு ராட்சத விண்கப்பலின் வெளிப்புறத்தில் பழுது பார்ப்பவள். அவளுடைய நுரையீரல் கெட்டுவிட்டது. ஒன்றுவிட்டு ஒருநாள் கப்பலுக்குள் வந்து, காற்று அறையில் குழாயைப் பொருத்திக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். மற்ற வேலைக்காரர்கள் அவளைக் கேலி செய்வார்கள். ஆனால் ஒரு தடவை காற்றை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், அவர்களில் எவனும் எட்டிப்பார்க்காத இடத்துக்கெல்லாம் போய்விட்டு வருவாள்.

"இவ நம்ம ஆளு" என்றார் அப்பா. அவர் ஒரு ஆளைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கடைசிப் பக்கத்தின் அடியில் கூப்பன் இருக்கும். ஐந்து கதைகளின் பெயர், எதிரே ஐந்து கட்டம். ஓட்டு குறைந்த கதையை நிறுத்திவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பொறுப்பை டீச்சர் எடுத்துக்கொண்டார். "நல்ல கதைக்கு அஞ்சு மார்க், மோசமானதுக்கு ஒண்ணு. நம்ம பொண்ணுக்கு அஞ்சு, மறந்துடாதீங்க." ஒரு பிரதிக்கு ஒரு கூப்பன்தான் என்பதால் மகன், மருமகள், சம்பந்தி என்று ஆளாளுக்குப் பத்திரிகை வாங்கினார்கள். நான் என் அலுவலகத்தையே வாங்க வைத்தேன். குழாய்க்காரிக்கு ஐந்து மார்க் போட்டுக் கொடுத்தால்தான் புகாரைச் சீக்கிரம் அனுப்புவேன் என்று புகார் சொல்ல வந்தவர்களை மிரட்டியதும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை, குழாய்க்காரி கதையின் முடிவில் சின்னக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். வாசகர்களின் தீர்ப்பை ஏற்று இந்தக் கதை இன்னும் மூன்று வாரங்களில் நிறைவடைகிறது.

முதலில் படித்தது அப்பா. அட்டையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மூணு வாரம்" என்றார். ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அறை கொந்தளித்தது. "கள்ள ஓட்டு!" என்றார் கேஷியர் மாமா. டீச்சர் குரலை உயர்த்த, அவருடைய மெஷினும் சேர்ந்து கத்தியது. "பிரஷரை ஏத்திக்காதீங்க, ஆளாளுக்கு அலாரம் அடிக்குது" என்று சிஸ்டர் நாற்காலிக்கு நாற்காலி ஓடினார்.

நான் அன்றைக்கே வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். என் அப்பா உயிரோடு இருப்பதா வேண்டாமா என்பதை முகம் தெரியாத எவனோ கூப்பனில் முடிவு செய்வதா? ஆஸ்பத்திரி வாசல் கடைக்காரர் இன்னொரு கட்டு வரவழைக்கும் அளவுக்கு வாங்கினோம். குழாய்க்காரிக்கு ஐந்து, மற்றவைக்குக் குறைவு. கேஷியர் மாமா தன் ரோபோ யுத்தத்துக்கே ஒன்று போட்டார். "தியாகம்னா இதுதான்" என்றார்.

அடுத்த வாரமும் கட்டம் வந்தது. வாசகர்கள் தங்கள் தீர்ப்பை இன்னும் உறுதியாகத் தெரிவித்துவிட்டார்களாம்.

புகார் பிரிவில் இருப்பவளுக்கு ஒன்று தெரியும். போனில் சொன்ன புகார் கிணற்றில் போட்ட கல். நேரில் வந்து எதிரே நிற்பவரின் புகார்தான் நகரும். கடைசிப் பகுதி வெளிவருவதற்கு முந்தின நாள் லீவு போட்டுவிட்டுப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. ரப்பர் நாற்றம் மாடி வரைக்கும் வந்தது. கண்ணாடியைத் தலையில் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு அம்மாள், படங்களின் பேச்சுக் குமிழிகளுக்குள் எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அவர்தான் ஆசிரியர். ஊர் என்னிடம் தினமும் கத்துவதையெல்லாம் சேர்த்து வைத்து அவரிடம் கத்தினேன். உங்களுக்கு மேலே யார், எத்தனை தடவை சொல்வது, மனுஷங்கதானா நீங்க என்று ஒன்றையும் விடவில்லை.

அவர் நான் முடிக்கும்வரை இருந்தார். பிறகு மேஜைக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்தார்.

"இது உங்க ஆஸ்பத்திரிப் பக்கத்துலேர்ந்து வந்த கூப்பன். எங்களுக்கு வர்ற ஓட்டுல பாதி இதுதான். எல்லாத்துலயும் குழாய்க்காரிக்கு அஞ்சு. கடைசி இடம். ஒரு கதை மேல இவ்வளவு வெறுப்பான்னு அதை வரையற பொண்ணு மனசே விட்டுப்போச்சு."

"வெறுப்பா? அஞ்சு மார்க் போட்டிருக்கோம்!"

"மார்க்கா? வரிசை எண்ம்மா அது. ஒண்ணுன்னா முதல் இடம். அட்டைக்கு உள்பக்கத்துல வாராவாரம் போடறோமே, பார்க்கலையா?"

அட்டைக்கு உள்பக்கம். அது எங்கே இருந்தது? சுவரைப் பார்த்து, பசையோடு. இத்தனை மாதமும் எங்கள் தலைக்கு மேலேயே விதி ஒட்டியிருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு. வாங்கிக் குவித்த மற்றப் பிரதிகளிலோ கடைசிப் பக்கத்தை வெட்டியதோடு சரி, யாரும் அட்டையைப் புரட்டவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சும்மாவா சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் சிரித்து, அது அழுகையாக மாறி, அப்பாவுக்குச் செய்த சத்தியம் உட்பட எல்லாவற்றையும் அந்த அம்மாளிடம் கொட்டிவிட்டேன்.

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "கடைசிப் பகுதி அச்சாகி வண்டியில ஏறியாச்சு. நிறுத்த முடியாது. ரெண்டாம் பாகம்னு ஆரம்பிக்கலாம், ஆனா வரையற பொண்ணு ஒத்துக்கணும். நாளைக்கு வர்ற இதழ்லயும் கூப்பன் இருக்கு. சரியான எண்ணைப் போட்டு அனுப்பச் சொல்லுங்க. அதைக் காட்டிக் கேக்கறேன். ஒத்துக்கிட்டாலும் ஆரம்பிக்க மாசக்கணக்குல ஆகும். உறுதியா எதுவும் சொல்ல மாட்டேன்."

மாதக்கணக்கு. அப்பாவிடம் இருந்தது ஒரு நாள். புதிதாய் அச்சான பிரதி ஒன்றை என் கையில் கொடுத்து, "பாவம், கடைசியில அவ..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க!" என்று காதைப் பொத்திக்கொண்டேன். பொத்திய அந்த நொடியில்தான் எனக்கு வழி தெரிந்தது.

மறுநாள் அறையில் எல்லோருக்கும் ஊசி குத்தி முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் நம்பவில்லை. சிஸ்டர் சுவரிலிருந்து ஒரு மேலட்டையை உரித்துக் காட்டினார். படித்ததும் டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. "ஆயுசு முழுக்க மார்க் போட்ட கை" என்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேஷியர் மாமா, "அப்போ என் ரோபோவுக்கு ஒண்ணு போட்டேனே, அது முதல் இடமா?" என்றார். சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

அப்பா சிரித்தார். நான் பார்த்து எத்தனை காலமாயிற்று அந்தச் சிரிப்பை. மெஷின் அலாரம் அடித்தும் அடங்கவில்லை. பிறகு ஊசி இல்லாத கையை நீட்டினார். "சரி. கடைசிப் பகுதியைக் கொடு."

"தரமாட்டேன்."

"சத்தியம் பண்ணியிருக்க."

"பண்ணினேன். கதை முடியிற வரைக்கும்னுதான் பேச்சு. நீங்க படிக்காம உங்களுக்கு எப்படிப்பா கதை முடியும்?"

"ஏமாத்துக்காரி!"

"நானும் படிக்கல" என்றார் டீச்சர். "எனக்கு இந்த வாரம் கண்ணு சரியில்ல" என்றார் கேஷியர் மாமா. சிஸ்டர் அன்று நாலு கதைகளை மட்டும் அட்டையில் செருகினார். ஐந்தாவதைக் கையுறைப் பெட்டியோடு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கூட்டுச் சதி என்று அப்பா கத்தினார். மெஷின் மறுபடி அலாரம் அடித்தது.

சனிக்கிழமை வந்தார், சண்டை போட. செவ்வாய்க்கிழமையும் வந்தார், விட்ட இடத்திலிருந்து தொடர. இதற்கிடையில் குடும்பம் குடும்பமாகக் கூப்பன் போனது, இந்தத் தடவை ஒன்று என்று போட்டு. கதையைப் படித்துவிட்டு வாயைத் திறக்கும் மருமகளுக்கு வீட்டில் இடமில்லை என்று கேஷியர் மாமா உத்தரவு போட்டிருந்தார்.

புதன்கிழமை அலுவலகத்தில், பூட்டிய வால்வுக்குப் பின்னால் கசிவு என்று யாரோ புகார் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குத் திடுக்கென்றது. அலமாரியைப் பூட்டியாயிற்று. எங்கள் தெருமுனைக் கடையை யார் பூட்டினார்கள்? 'புதுக்கோள்' அங்கேயும் தொங்குமே. அப்பா தினமும் அந்தப் பக்கம்தானே நடக்கிறார்!

வேலை முடிந்ததும் முடியாததுமாக ஓடினேன். "புதுக்கோள் மிச்சம் இருக்கிற அத்தனையும் கொடுங்க" என்றேன்.

"ஒண்ணுதான் இருக்கு. அதுவும் உங்க அப்பா வாங்கினது" என்றார் கடைக்காரர்.

"படிச்சுட்டாரா?"

"எங்க படிச்சாரு? வெள்ளிக்கிழமையே வந்து வாங்கினாரு. என்கிட்ட கத்தரிக்கோல் கேட்டாரு. கடைசிப் பக்கக் கூப்பனை வெட்டணுமாம், ஆனா மேல இருக்கிற படத்தைப் பார்க்கக் கூடாதாம். என்னை ஒரு காகிதத்தால மூடிப் பிடிச்சுக்கச் சொல்லி வெட்டினாரு. அப்பவும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. ஒண்ணுதானே முதல் இடம், ஒண்ணுதானேன்னு நாலு தடவை கேட்டு எழுதினாரு. அதோ, அந்தத் தபால் பெட்டியில போட்டுட்டு, மீதியை இங்கயே வச்சுக்கச் சொல்லிட்டாரு. ஏம்மா, என்ன ஆச்சு? ஏன் அழற?"

வீட்டுக்குப் போனபோது அப்பா மறுநாளைக்கான சட்டையை எடுத்துக் கதவில் மாட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்காவது அந்தக் கடைசிப் பகுதியைக் கொடுப்பியா மாட்டியா?" என்றார்.

"மாட்டேன்."

"எத்தனை நாளைக்குத் தரமாட்டேன்னு நானும் பார்த்துடறேன்" என்று சொல்லிவிட்டு, சட்டைக் காலரை நீவிவிட்டார்.