லெஸ்லி போடாத கையெழுத்து

அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரர் எந்த நேரத்தில் காபி கொடுப்பார், எந்த நேரத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த நாட்டுக்கு நான் போனதில்லை. பாஸ்போர்ட்கூடக் கிடையாது. மைசூர் ஹெப்பாளில், தொழிற்பேட்டைக்குள் இருக்கும் ஒரு சின்ன கம்பெனியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆறு வருடமாக அவர்களுடைய விசாரணைகளைக் கேட்டு டைப் அடிக்கிறேன். அங்கே சாயங்காலம் பதிவானது இங்கே காலையில் என் கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு வாரம் வகுப்பு எடுத்தார்கள். ஷெரீஃப் என்பவர் தேர்தலில் நின்று ஓட்டு வாங்கி வருகிறவர், பல ஊர்களில் அரசு வக்கீலும் அப்படித்தான் என்று சொன்னபோது எங்களில் ஒருத்தரும் நம்பவில்லை. பிறகு அந்த அட்டை. கைது செய்தவனைக் கேள்வி கேட்கும் முன் படித்துக் காட்ட வேண்டிய அட்டை. நீ பேசாமல் இருக்கலாம், பேசினால் அது கோர்ட்டில் உனக்கு எதிராக வரும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லையென்றால் அரசாங்கமே ஒருவரைத் தரும். பரமண்டல ஜெபத்துக்கு அடுத்தபடி எனக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான்.

எங்கள் வேலைக்கு ஒரே விதி. காதில் விழுந்ததெல்லாம் தாளில் வர வேண்டும். இருமினால் இருமல், நாற்காலி கிரீச்சிட்டால் அது, பேசாமல் இருந்தால் எத்தனை விநாடி என்று. வரிக்கு வரி நேரம் போட வேண்டும். பாவம் பார்த்து ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

ஒரு பதிவில், ரொட்டி ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒருவர் ஆறு மணி நேரம் பேசினார். முதலில் அவரைக் கைதே செய்யவில்லை. சும்மா பேசலாம் வாங்க, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். அட்டை வந்தது மூன்றாவது மணி நேரத்தில். அதற்குள் அவரே போலீஸ்காரருக்குப் பரிந்து பேச ஆரம்பித்திருந்தார். அவர் செய்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் கடைசியில் அவர் ஒப்புக்கொண்ட ஒவ்வொரு விவரத்தையும் அதற்கு முன்னால் அவர்கள்தான் சொல்லியிருந்தார்கள், நேரத்தோடு டைப் அடித்தவள் நான். எல்லாம் முடிந்தபின், "இப்போது நான் வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. வேலை செய்யும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில்தான் வைக்க வேண்டும். பத்தரைக்கு டீ குடிக்க வெளியே வந்தபோது லெஸ்லியிடமிருந்து மூன்று மிஸ்டு கால். லெஸ்லி என் வீட்டுக்காரன், ஏ.சி. மெக்கானிக். தப்பாக வந்த போன் காலிலும் பத்து நிமிடம் நலம் விசாரிக்கிற ஆள். திருப்பிக் கூப்பிட்டேன்.

"போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன் ஜூடி. ஒண்ணும் இல்ல, சும்னே, சும்மா பேசத்தான் கூப்ட்டாங்க. பேசிட்டு வந்துடறேன்."

வியாழக்கிழமை அவன் ஏ.சி. சர்வீஸ் செய்த ஒரு ஃபிளாட்டில் டிரெஸ்ஸிங் டேபிள் மேல் இருந்த தங்கச் செயினைக் காணவில்லையாம். காலை எட்டு மணியிலிருந்து அங்கே உட்கார்ந்திருக்கிறானாம். எஸ்.ஐ. ரொம்ப நல்ல மனுஷனாம், இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தாராம். அங்கே காபி, இங்கே டீ. வாயைத் திறக்காதே, நான் வருகிறேன் என்றேன். பேசாமல் இருந்தால் சந்தேகப்பட மாட்டார்களா என்று கேட்டான். என் ஃபைல்களில் இருக்கிற எல்லா ஆண்களும் ஏதோ ஒரு நிமிடத்தில் இதையே நினைத்திருக்கிறார்கள்.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது லெஸ்லியின் கையில் பேனா இருந்தது. மேஜை மேல் கன்னடத்தில் எழுதிய ஒரு தாள். நான் முதலில் பேனாவைப் பிடுங்கினேன், பிறகுதான் யார் எஸ்.ஐ. என்று பார்த்தேன். மகேந்திரன் என்று சட்டையில் பெயர் இருந்தது. நாற்பது வயது இருக்கும், சிரித்த முகம். நான் லெஸ்லியைத் தமிழில் திட்டியதும் அவரும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"உக்காருங்க அம்மிணி. நானும் தமிழ் பேசற குடும்பந்தானுங்க, ஹனூருப் பக்கம். நம்ம ஆளுக்கு நாமளே கெடுதல் பண்ணுவமா?"

இது முதல் கட்டம். எங்கம்மாவும் உங்க ஊர்தான் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கிய பன்னிரண்டு துப்பறிவாளர்களையாவது நான் டைப் அடித்திருக்கிறேன். தாளைப் படித்தேன். வேலை முடிந்து சாமான்களை எடுத்து வைக்கும்போது செயின் தவறுதலாகத் தன் பையில் விழுந்திருக்கலாம் என்று லெஸ்லி சொல்வதாக எழுதியிருந்தது. விழுந்துவிட்டது என்று எழுதவில்லை, விழுந்திருக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது, இதில் என்ன குற்றம் என்று எஸ்.ஐ. விளக்கினார். யாருக்கும் நடக்கக் கூடியதுதானே என்றார். இது இரண்டாவது கட்டம். கையெழுத்துப் போட்டுவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று லெஸ்லி ஆசையாகச் சொன்னபோது எனக்கு ரொட்டி ஃபேக்டரிக்காரர் நினைவு வந்து உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

அந்தக் கோபத்தில்தான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். எழுந்து நின்று, ஐந்தாவது திருத்தத்தின்படி இவர் பேச வேண்டிய அவசியமில்லை என்று இங்கிலீஷில் முழங்கினேன். அட்டையில் இருந்ததையும் ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன்.

எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த நாட்டுத் திருத்தமுங்க அது?" என்றார்.

ஸ்டேஷனே சிரித்தது. கதவோரம் நின்ற பெண் கான்ஸ்டபிள் உமாதேவி சிரித்தார். லெஸ்லியும் சிரித்தான், அதுதான் தாங்க முடியவில்லை. அமெரிக்காவில் எவனோ ஒருத்தனுடைய உரிமையை விநாடிக் கணக்கு வைத்து டைப் அடித்தவளுக்கு, சொந்த ஊர் ஸ்டேஷனில் சொல்ல ஒரு வரி தெரியவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

வராந்தாவுக்கு வந்து அஷ்வினிக்குப் போன் போட்டேன். எங்கள் தெருதான், கோர்ட்டில் வக்கீல். சாமராஜநகரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இருந்தாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"நீ சொன்னது நம்ம சட்டத்துலயும் இருக்கு ஜூடித். அரசியல் சட்டம், இருபதாவது பிரிவு. தனக்கு எதிரா தானே சாட்சி சொல்லுன்னு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அதுவும் போலீஸ்ல எழுதற வாக்குமூலத்துல கையெழுத்தே வாங்கக் கூடாது. நான் கிளம்பிட்டேன், ரெண்டு மணி நேரம். அது வரைக்கும் அவரைப் பேச விடாதே, கையெழுத்துப் போட விடாதே."

இரண்டு மணி நேரம் லெஸ்லியைப் பேசாமல் வைப்பது. கல்யாணமான பதினாலு வருடத்தில் ஒருமுறைகூட எனக்கு அது வாய்த்ததில்லை.

உள்ளே வந்ததும், ஸ்டேஷனுக்குள் போனில் ரெக்கார்டிங் எல்லாம் கூடாது என்று சொல்லி உமாதேவி என் போனை அணைத்து மேஜை மேல் வைக்கச் சொன்னார். வைத்தேன். லெஸ்லியின் பையில் அவனுடைய சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகம் இருந்தது. கஸ்டமருக்கு ஒரு தாள், கம்பெனிக்கு ஒரு தாள், நடுவில் கார்பன். அதை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, கார்பனைச் சரியாக வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். பேசியது தமிழ், எழுதியது கன்னட எழுத்தில். அங்கே எல்லோருக்கும் படிக்க வர வேண்டும் அல்லவா.

11.52. எஸ்.ஐ.: அம்மிணி சொல்றதை விடுங்க லெஸ்லி, நீங்க சொல்லுங்க.
11.52. ஜூடித்: லெஸ்லி, வாயை மூடு.
11.53. எஸ்.ஐ.: என்ன எழுதறீங்க?
11.53. ஜூடித்: இங்க பேசறதை.
11.53. (மௌனம், பதினோரு விநாடி.)
11.54. எஸ்.ஐ.: (செருமல்.)

செருமலை எழுதியதும் அவர் எட்டிப் பார்த்தார். அதையுமா எழுதுவார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் எழுதினேன். உமாதேவிக்குச் சிரிப்பு வந்து, இருமுவதுபோலச் சமாளித்தார். இருமல் என்று எழுதினேன்.

மூன்றாவது கட்டத்துக்கு அவர் போய்த்தான் ஆக வேண்டும், போனார். ஃபிளாட் கேமராவில் எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது என்றார். அமெரிக்காவில் விசாரணையின்போது போலீஸ் இப்படிப் பொய் சொல்ல அனுமதி உண்டு. இங்கே உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாததால், கேமராவைக் காட்டச் சொல்லிக் கேட்டு, கேட்டதை எழுதினேன். லெஸ்லி துள்ளி எழுந்தான். கேமராவில் இருந்தால் நல்லதுதானே, அதில் நான் எடுக்காதது தெரியுமே, நான் அந்த ரூமில் எங்கெங்கே நின்றேன் என்று சொல்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டான். அவன் காலை மிதித்தேன். மிதித்ததையும் எழுதினேன், நேர்மை என்றால் அதுதான்.

கேமராவை யாரும் காட்டவில்லை. எஸ்.ஐ.யின் சிரிப்பு போய்விட்டது. வேலைக்கு இடைஞ்சல் செய்வதாக உங்கள் மேலும் ஒரு கேஸ் போட முடியும் என்றார்.

"போடுங்க சார். என்ன பிரிவுன்னு மெதுவா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பயந்தேன் என்பதை ஒளிக்க மாட்டேன். அந்தப் பக்கத்தில் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. எங்கள் இரண்டு பேரையும் உள்ளே போட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கு ஒரு யோசனையும் இல்லை. ஆனால் பயந்து நிறுத்தினால் அந்தத் தாளில் லெஸ்லியின் கையெழுத்து ஏறிவிடும். அதற்குப்பின் அவன் வேலைக்குப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் அவனுக்குமுன் அந்தத் திருட்டுப் பெயர் உள்ளே போகும்.

புத்தகத்தைக் கொடுங்கள் என்று எஸ்.ஐ. கையை நீட்டினார். நான் மேல்தாள்களை மட்டும் வரிசையாகக் கிழித்துக் கொடுத்தேன். கார்பன் பிரதி என்னிடம் இருந்தது.

"இது உங்களுக்கு. எழுதினதுல ஏதாவது தப்பிருக்கான்னு பாத்துட்டு, சரின்னா கீழ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்."

அவர் மூன்று தாளையும் முழுதாகப் படித்தார். நேரத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கூடப் பார்த்தார். பிறகு, மனம்விட்டுத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"ஒரு வார்த்தைகூடத் தப்பில்லீங்க. ஆனா நான் எதுக்குங்க இதுல கையெழுத்துப் போடோணும்? நாளைக்கு இதை ஆரு எங்க கொண்டுபோய்க் காட்டுவாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

12.26 என்று போட்டு அதை அப்படியே எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுதி முடித்து, புத்தகத்தைத் திருப்பி லெஸ்லியின் முன்னால் வைத்தேன். படி என்றேன்.

லெஸ்லி விரலை வைத்துப் படித்தான். இன்னொரு முறை படித்தான். நான் காலையிலிருந்து கத்தியும் புரியாதது, எஸ்.ஐ. வாயாலேயே வந்ததும் அவனுக்குப் புரிந்தது. தன் பெயர் எழுதியிருந்த அந்தத் தாளை மேஜையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளினான்.

"நானும் போடல சார்."

"அப்ப செயின் எங்கீங்க?"

லெஸ்லி வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான். எஸ்.ஐ. அதே கேள்வியை இன்னும் இரண்டு தடவை, ஒரு தடவை மெதுவாகவும் ஒரு தடவை மேஜையைத் தட்டியும் கேட்டார். என் ஆள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எழுந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

கடைசியில் எஸ்.ஐ. தாளை டிராயருக்குள் போட்டார். போங்கள், முறைப்படி நோட்டீஸ் வீட்டுக்கு வரும் என்றார். வரட்டும், வக்கீலோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும், வழியில் இருந்த அஷ்வினிக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, லெஸ்லியைக் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். ஒரு ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். நீ அஞ்சு நிமிஷம் லேட்டா வந்திருந்தா நான் போட்டிருப்பேன் என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"ஜூடி, நான் எடுத்தேனா இல்லையான்னு நீ ஒரு தடவைகூடக் கேக்கல."

உண்மைதான், கேட்கவில்லை. பதினாலு வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்தறேன், எனக்குத் தெரியாதா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவன் எதிர்பார்த்ததும் அதைத்தான். அது பொய்யும் இல்லை. ஆனால் அப்படி நம்பிச் சொல்ல ஒரு பெண்டாட்டி இல்லாதவன், அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானா?

"கேக்க மாட்டேன் லெஸ்லி. எடுத்தன்னு சொல்றவங்க நிரூபிக்கட்டும்."