கு-வில் ஒரு வார்த்தை

...மவுஸை விடாதே, அசைத்துக்கொண்டே இரு, ஆபீஸ் சாட்டில் என் பேருக்குப் பக்கத்திலிருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிட்டால் மேனேஜர் இளமாறன் சார் சென்னையிலிருந்து "தேவிப்ரியா, சீட்ல இருக்கீங்களா?" என்று கேட்டுவிடுவார், எந்த சீட், இது மூங்கில்துறைப்பட்டில் எங்கள் வீட்டு அறைக் கட்டில், முதுகுக்கு ரெண்டு தலையணை, மேலே போர்வை, உள்ளே ஜுரம்... ஜுரம் கிடக்கட்டும், இப்போது அதுவா முக்கியம், நிர்மலா தடுமாறுகிறாள்! காலேஜ் நாளிலிருந்து சொல் சங்கிலியில் அவளை நான் ஜெயித்ததே இல்லை, ஒருத்தி போட்ட வார்த்தையின் கடைசி எழுத்தில் மற்றவள் தொடங்க வேண்டும், ரெண்டு நிமிஷம் தாண்டினால் தோல்வி, தோற்றவள் நாள் முழுக்க "நான் தோத்தாங்கோளி" என்று ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும், எத்தனை தடவை வைத்திருப்பேன், சித்தப்பாகூடப் பார்த்துவிட்டு "இன்னாம்மா, பரீட்சை ஏதாவது எழுதுனியா?" என்று கேட்டார். நேற்று வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேரான மல்லாட்டை என்று போட்டு மடக்கினாள், டை-யில் எந்தத் தமிழ் வார்த்தை தொடங்கும், பாவி! அவளும் எங்கள் கம்பெனிதான், கல்யாணமாகி வெள்ளிமலைக்குப் போனவள், சிக்னலுக்காக மொட்டை மாடியில் குடை பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிறாள், வேலைக்கு நடுவே என்னையும் தோற்கடிக்கிறாள்.

இன்றைக்கு நடக்காது. தேக்கு என்றாள், குழம்பு என்றேன், புகை என்றாள், யோசிக்கவே இல்லை, கைமுறுக்கு! தலை கொதிக்கக் கொதிக்க வார்த்தைகள் தானாக வந்து விழுகின்றன, இப்படி என்றால் ஜுரம் மாதத்துக்கு ஒருமுறை வரட்டும். ஆட்டத்துக்கு முன்னால் "வாய்ஸ்ல உனுக்கு மூச்சு வாங்குதேடி, ஜுரம் ஜாஸ்தியா?" என்று கேட்டாள், "கம்மிதான், எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத, லேப்டாப்பப் புடுங்கி வெச்சிடும்" என்றேன். அம்மாவுக்கு இந்த மூடிய கதவுதான் ஆபீஸ், டீயை வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் போய்விடுவாள், மூன்று நாளாக அப்படித்தான், நான் போட்ட சட்டம்தானே.

இன்னும் பதில் இல்லை... கு-வில் வார்த்தையா இல்லை, குடை, குயில், குரங்கு, அவள் மாடிச் சுவரிலேயே ரெண்டு குரங்கு உட்கார்ந்திருக்கும், கையில் குடை வேறு, நிர்மலாவுக்கா தெரியாது? சிக்னல் போய்விட்டதா? போகட்டும், ரூல் ரூல்தான், வெளியே கரும்பு டிராக்டர் ஹாரன் அடிக்கிறது, எனக்குத்தான் அடிக்கிறது, முடிந்தது, ரெண்டு நிமிஷம் முடிந்தேவிட்டது, ஜெயித்தேன், ஜெயித்தேன்டி, கத்தலாமா, அம்மாவுக்குக் கேட்டுவிடுமே, கத்தினால்தான் என்ன...

கதவு திறந்தது. அம்மா நேராக வந்து நெற்றியில் கை வைத்தாள், அரிசி களைந்த ஈரம் காயாத கை. "இன்னாடி இப்பிடி கொதிக்குது! ஒரே வூட்ல இருந்துக்கினு, மலைல இருக்கிற பொண்ணு போன் பண்ணிச் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

எப்போது பேசினாள் என்று கேட்டேன். "இப்பத்தான், ரெண்டு மூணு நிமிசமா அதுகிட்டதான் பேசிக்கினு இருந்தேன்." அந்த மாடியில் போன் பேசினால் நெட் போய்விடும், அது நிர்மலாவுக்குத் தெரியும். தெரிந்தே... அப்படியென்றால் நான் ஜெயித்தேனா இல்லையா? புள்ளி மஞ்சளாகிவிட்டது, இளமாறன் சார் கேட்பார், மவுஸைத் தொடவில்லை. அம்மா கையை எடுக்கப் போனாள், நான் அதைப் பிடித்துக்கொண்டேன், வேலை கெட்டுவிடும் என்றா இத்தனை நாள் கதவைச் சாத்தியிருந்தேன், இல்லை, இந்தக் கை பட்டால் அழுதுவிடுவேன் என்றா?