வவ்வால்களுக்காகக் கத்தாதவள்

1

இந்தக் கதை பாதிச் சரக்காகத்தான் கைக்கு வந்தது. இங்கிலாந்தின் சஃபக் பகுதியில் எங்கள் ஊர்ச் சனிக்கிழமைச் சந்தை. மீன் வண்டி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்: "வவ்வால் முழிச்சுக்குமேன்னு ரொம்ப நேரம் நான் கத்தவே இல்லடி." அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. ஒரு துண்டு மீன் வாங்கினாள், போய்விட்டாள். துணியின் ஓரத்தை மட்டும் விரித்துக் காட்டிவிட்டு மடித்துக்கொண்டு போகிற வியாபாரியை எனக்குத் தெரியும். அவனிடம் வாங்காமல் வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது.

எனக்கும் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: "1940-ஆம் ஆண்டு, ஜெர்மன் படை எந்த நாளும் கரையிறங்கலாம் என்று இங்கிலாந்து நடுங்கிக்கொண்டிருந்தபோது..." அடித்துவிட்டேன். சரித்திரத்தை வாசலில் குவித்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இரண்டாவது: "பைன் மரங்களின் மீது ஜனவரிப் பனி..." நல்ல சரக்குதான். எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

மூன்றாவது: "டெரிக் உள்ளே போய் நேரமாகிவிட்டது."

இதையே வைத்துக்கொள்கிறேன். (ஒன்று உறுத்துகிறது: நான் மூன்று தொடக்கம் புரட்டிப் பார்த்த நேரமும் அவர் கணக்கில்தான் ஏறியிருக்கும்.)

3

டெரிக் உள்ளே போய் நேரமாகிவிட்டது. காட்டுத்தரையில் ஒரு சதுர ஓட்டை. துருவேறிய ஏணி இறங்கினால் பீப்பாயைப் படுக்கவைத்தது போன்ற இரும்புத் தகட்டு அறை. அதன் கோடியில் தப்பியோட ஒரு சுரங்கம். எதிரி வந்தால் ஒளிந்திருந்து தாக்க 1940-இல் கட்டிய பதுங்குகுழி. எதிரி வரவில்லை. பல வருடம் கழித்து வவ்வால்கள் வந்தன.

குளிர்காலம் முழுக்க அவை அங்கே தலைகீழாகத் தொங்கி உறங்குகின்றன. இடையில் எழுப்பினால் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு வீணாகி, வசந்தத்துக்குள் பட்டினியில் செத்துப்போகும். அதனால் அவற்றை எண்ணப் போகிறவருக்கு உரிமம் வேண்டும், சிவப்பு விளக்கு வேண்டும், வாய்க்குப் பூட்டு வேண்டும். ஒருவர் இறங்குவார், ஒருவர் மேலே நிற்பார். எண்ணி முடித்ததும் கீழே இருப்பவர் ஏணியடிக்கு வந்து விளக்கை மினுக்குவார். மேலே நிற்பவர் எக்காரணம் கொண்டும் இறங்கக்கூடாது.

மேலே நிற்பவள் மாக்சின். அவருடைய முன்னாள் மனைவி. விவாகரத்தில் வீடு இவளுக்கு, கார் அவருக்கு என்று பிரிந்தது. பதுங்குகுழிகளை மட்டும் பிரிக்க முடியவில்லை. இருவருக்கும் அதே பைத்தியம். ஞாயிறுதோறும் ஒன்றாகவே வருகிறார்கள்.

இறங்குமுன் இவ்வளவுதான் பேச்சு:

"காத்து பாக்குற டப்பாவ ஆன் பண்ணிட்டியா?"

"அணைச்சுதான் வெச்சிருக்கேன். போன வாட்டி அது கூவின கூவுல ஒரு வவ்வால் பொத்துன்னு விழுந்துச்சு."

"காத்து கெட்டுப்போச்சுன்னா கூவத்தான் செய்யும், டெரிக். அதுக்குத்தான் அத வாங்கினது."

"பாட்டரி இறங்கினாலும் கூவும். உன்ன மாதிரி, அம்மணி. காரணமே வேண்டாம்."

"போ. போய்த் தொங்கு. அங்க உன் சொந்தக்காரங்க இருக்காங்க."

கொசுறு: இலை மக்கினாலும் இரும்பு துருப்பிடித்தாலும், மூடிய அறையின் காற்றிலுள்ள உயிர்வளி குறையும். வாடை இருக்காது, இருமல் வராது. ஆள் சும்மா உட்கார்ந்துகொள்வான், பிறகு எழுந்திருக்கமாட்டான். இதைத் தெரிந்த மனிதர்தான் கருவியை அணைத்துவிட்டுப் போனார். வவ்வாலின் தூக்கம் கெடக்கூடாதாம். வேறு எந்த ஊரில் இப்படி ஒரு மரியாதையைக் காண முடியும்?

4

இங்கே எனக்கு மாக்சின் மீது சந்தேகம். எந்தப் பெண் இப்படி நிற்பாள்? கத்த வேண்டியதுதானே?

அவளிடமே கேட்டேன். (கேட்கலாம். எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை உண்டு.)

"போன வருஷம் கத்தினேன். அவரு உள்ள சுகமா எண்ணிக்கிட்டு இருந்தாரு. வவ்வாலெல்லாம் கிளம்பிடுச்சு. வவ்வால் எண்ணுற குழுக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிக் காமிச்சாரு. அதுலேர்ந்து எனக்கு 'சைரன்'னு பேரு."

"அதற்காக?"

"அதுக்காக மட்டும் இல்ல. குடும்பம் நடத்தின காலத்துல நான் கூப்பிட்டா பதில் சொல்லமாட்டாரு. பேப்பருக்குப் பின்னாடி உக்காந்திருப்பாரு, உயிரோட. இப்ப கீழ சத்தம் இல்லன்னா அது எந்த மௌனம்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க?"

சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

5

அவள் ஓட்டையின் விளிம்பில் மண்டியிட்டாள். சிவப்பு வெளிச்சம் இல்லை. கைபேசியை உயர்த்திப் பிடித்தாள். காட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுகூட எடுக்கவில்லை. சாலைக்கு ஓடலாம். ஓடினால் இங்கே யார்? "டெரிக்," என்றாள் உதட்டுக்குள். அது ஏணியின் முதல் படியைக்கூடத் தாண்டியிருக்காது. ஒரு சுள்ளியை எடுத்துப் போடப் போனாள். சத்தம் கேட்குமே என்று கையை இழுத்துக்கொண்டாள். அவள் கால் ஏணியைத் தேடியது, பிறகு

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிவில்லை.)

6

முடிவுகளை விரித்துப் போடுகிறேன். தொட்டுப் பாருங்கள்.

அ) டெரிக் மேலே வருகிறார். "ஒரு புது இனம், மாக்சின்," என்கிறார். அவள் அவரை அறைகிறாள். மலிவு, நிறைய விற்கும், ஒரு துவைப்புக்குத் தாங்காது.

ஆ) அவள் இறங்குகிறாள். மீட்கப் போனவரும் அங்கேயே உட்கார்ந்துவிடுவதுதான் இப்படிப்பட்ட அறைகளின் வழக்கம். ஆனால் மீன் வரிசையில் நின்றவள் உயிரோடு இருந்தாளே. இந்தச் சரக்கு கழிவு.

இ) அவர் வரவில்லை. இதைத்தான் நான் கடைசித் தட்டில் ஒளித்து வைத்திருந்தேன். ஒரு துண்டு மீன் வாங்கினாள் அல்லவா? ஆனால் பிரிந்து வாழ்கிறவள் எப்போதும் ஒரு துண்டுதான் வாங்குவாள். குரலைத் துழாவிப் பார்த்தேன். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. பேரம் பேசத் தெரிந்த எனக்கே அந்தக் குரலில் விலை படியவில்லை.

7

சொல்லாமல் இருக்க முடியாதது ஒன்று உண்டு. "ரொம்ப நேரம் கத்தவே இல்ல" என்றால், அதன் பிறகு கத்தியிருக்கிறாள்.

அவள் ஏணியிலிருந்து காலை எடுத்தாள். மண்ணில் குப்புறப் படுத்து, தலையை ஓட்டைக்குள் தொங்கவிட்டு, கல்யாண வாழ்க்கை முழுவதும் தேக்கி வைத்திருந்த குரலில் அவர் பெயரைக் கூவினாள். இரும்பு அறை அதை வாங்கிக் குலுக்கியது.

முதலில் ஒரு வவ்வால் அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. பிறகு இன்னொன்று. பிறகு கறுப்பாக, மென்மையாக, முகமெல்லாம் சிறகு. பட்டினி கிடக்கப்போகிற அத்தனையும் பனிக்குள் பறந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாயை மூடவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள்.

சிறகுச் சத்தம் அடங்கிக்கொண்டு வருகிறது. எனக்கு இந்தப் பக்கக் காது கொஞ்சம் மந்தம். உங்களுக்கு நன்றாகக் கேட்கும். அவள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், மண் ஈரமாகத்தான் இருக்கும். தலையை உள்ளே விடுங்கள்.

கீழேயிருந்து ஏதாவது கேட்டால் அவளிடம் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம்.