ஹெலனோடு போன கிளிமெனே

கிளிமெனே என்ற பெயரில் கிரேக்கப் புராணங்களில் ஒருத்தியல்ல, ஒரு கூட்டமே இருக்கிறது. ஒருத்தி கடலின் மகள். ஒருத்தி, சூரியனின் தேரை ஓட்டப்போய்ச் செத்த பையனின் தாய். அந்தக் காலத்துக் கதைக்காரர்களுக்குச் சோம்பல் போலும். முக்கியமில்லாத பெண் என்றால் கைக்கு வந்த பெயரைத் தூக்கி வைத்துவிட்டார்கள். நோர்வேயில், குரோருட் நூலகத்தில் வேலை செய்யும் கஜேந்தினி, வாசகர் கூட்டமொன்றில் இவர்களைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் மனத்தில் நின்றவள் ஒரேயொரு கிளிமெனேதான். ஹெலனின் தோழி.

இவள் ஹெலனின் கணவனுக்குச் சொந்தக்காரி. ஹெலன் அவனை விட்டு இன்னொருவனோடு கடல் கடந்தபோது இவளும் கூடப் போனாள். ஹெலனுக்காகப் பத்து வருடம் சண்டை நடந்தது. இவளுக்குக் கிடைத்தது அரை வரி. அந்த அரை வரிதான் கஜேந்தினியை நித்திரை கொள்ள விடவில்லை. காரணம் ஆரணி.

ஆரணி, கஜேந்தினியின் அண்ணன் சிவகரனை மணந்தவள். மாப்பிள்ளையின் சகோதரிதான் பெண்ணுக்குத் தோழி என்பது எங்கள் வழக்கம். ஆரணியின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தவள் கஜேந்தினி. தாலி கட்டும்போது பின்னால் நின்று மாலையை ஒதுக்கிப் பிடித்தவளும் அவளே. பிறகு அந்தக் கலியாணம் சரிவரவில்லை. அண்ணனும் கெட்டவனில்லை, அவளும் கெட்டவளில்லை, ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அண்ணன் விட்டாலும் தங்கை மச்சாளை விடவில்லை. ஞாயிறு தோறும் ட்வெய்ட்டாவில் ஆரணி வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்து, வயிறு நோகச் சிரித்துவிட்டு வருவாள். அம்மா யோகாம்பாளிடம் மட்டும் சிநேகிதி வீடு என்று சொல்லிவைப்பாள்.

இப்போது ஆரணி, லூக்காஸ் என்ற நோர்வேக்காரனை நகரசபையில் மணக்கப் போகிறாள். அங்கே பெண்ணுக்குப் பக்கத்தில் ஒருத்தி சாட்சியாக நிற்கவேண்டும். அது நீதான் என்று கஜேந்தினியிடம் கேட்டுவிட்டாள். உடனே ஓம் சொல்லத்தான் இவளுக்கு ஆசை. அம்மாவை நினைத்ததும், யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பழகிய கை. கத்தியோடு நிற்கிற ஆளிடம் இதைச் சொல்வது புத்தியா என்று ஒருகணம் யோசித்துவிட்டு, கஜேந்தினி எல்லாவற்றையும் கொட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகள் உட்பட.

அம்மா கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"தோழி எண்டால் மாப்பிள்ளையின்ரை சகோதரி. நீ அங்கை போய் நிண்டால், அந்தப் பொடியன் உனக்கு ஆர்?"

கஜேந்தினி, மாட்டிக்கொண்டால் வழக்கமாகச் செய்வதையே செய்தாள், கதை சொன்னாள். ஹெலனையும் அவளோடு போன கிளிமெனேயையும் ஒன்று விடாமல் சொன்னாள். அம்மாவின் கத்தி மெல்ல மெல்ல நின்றது.

"அவள் ஏன் போனவள்?"

"எழுதேல்லை அம்மா. விட மனமில்லையாக்கும்."

"அந்தப் புருசன்காரன் பிறகு இவளை ஏசினவனோ?"

"அதுவும் எழுதேல்லை."

"அப்ப ஏசியிருக்க மாட்டான்," என்றாள் அம்மா. அண்ணன் கரனுக்குத் தானே சொல்வதாகவும், அவன் முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாலும் பிறகு ஆறிவிடுவான் என்றும் சொன்னாள்.

கஜேந்தினிக்குக் கண் கலங்கியது. அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது, மீன் கையென்று விட்டாள். அன்று மணவறையில் கட்டியிருந்த தோழிச் சேலையையே கட்டிக்கொண்டு போகிறேன் என்றாள்.

"அதைத் தொடாதை. அது கரன்ரை கலியாணத்துச் சீலை. இதுக்குப் புதுசு எடு."

சொல்லிவிட்டு அம்மா நல்ல நடுத்துண்டுகளாகப் பார்த்து எடுத்துத் தனியே சுற்றினாள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளையின் சகோதரி வீட்டில் விருந்து வைப்பதும் எங்கள் வழக்கம்தான். கஜேந்தினி அதை மறந்தே போயிருந்தாள்.

அம்மா உறைபெட்டியைத் திறந்து மீனை உள்ளே வைத்தாள்.

"அந்தப் பொடியன் உறைப்புத் தின்னுவானோ?" என்று கேட்டாள்.