தோணி கரை சேரும்வரை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. திருகோணமலைக்கு அருகே சல்லியில் மீன் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்ன ஒற்றை வரி இது: "கட்டிப்போட மனமில்லாமல் கயித்தைக் கையில குடுத்தவள்." மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'யுத்தம் திருகோணமலைத் துறைமுகத்தை…' வேண்டாம். யுத்தத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. தானாகவே வரும்.

வல்லிபுரம் கரைவலைக்காரர். இப்போது மறதி முற்றிவிட்டது. ஒருநாள் இடுப்பில் வேட்டியில்லாமல், ஊரார் போய்வரும் ஒழுங்கையில் நின்றார். (இந்த வரியை மூன்று தடவை அழித்தேன். அவர் அறிந்தால் நாண்டுகொண்டு சாவார். ஆனால் இதில்லாமல் மருமகள் கோணேஸ்வரி பட்ட பாடு உங்களுக்கு விளங்காது.)

"பூவரசில கட்டிப்போடு பிள்ளை. மாட்டையும் கட்டித்தானே வளக்கிறம்" என்றாள் அயல்வீட்டு நல்லம்மா.

"மாமா மாடில்லை, அக்கா."

3

கரைவலையில் கயிற்றின் ஒரு தலைப்பு கரையில் நிற்பவர் கையில் இருக்கும். தோணி வலையை வளைத்துப் போட்டுக் கரை சேரும்வரை அவர் அதை விடக் கூடாது. வல்லிபுரம் பெற்ற மகனின் பெயரையே மறந்தவர், இதை மறக்கவில்லை.

விடிந்ததும் கோணேஸ்வரி பழைய கயிறொன்றை முற்றத்துப் பூவரசில் கட்டி, மறுதலைப்பை அவரிடம் கொடுப்பாள். "பிடிச்சுக்கொள்ளுங்கோ மாமா. தோணி இறங்கிட்டுது." அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். அது பொய்யுமல்ல. அவள் புருஷன் கனகசுந்தரம் அந்நேரம் கடலில்தான் இருப்பான். அவன் கரை சேர்ந்ததைக் கண்ட பிறகே "தோணி வந்திட்டுது" என்பாள்; அதைக் கேட்டால்தான் அவர் கயிற்றை விடுவார். கண்ணால் காணாமல் அந்தச் சொல்லைச் சொன்னால் கடலில் இருக்கிற ஆளுக்கு ஆகாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

4

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு பங்குனிக் கடைசியில் ஒரு காலை, ஜப்பான் விமானங்கள் வந்தன. ஊர் பதுங்குகுழிக்கு ஓடியது.

"எழும்புங்கோ மாமா, குண்டு போடுறாங்கள்!"

"தோணி வரேல்லை. ஆர் கயித்தை விடச் சொன்னது?"

கயிறும் கையுமாகவே அவரைக் கூட்டிப்போகலாமென்று மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். (நீங்களும் இதைத்தான் யோசித்திருப்பீர்கள்.) கயிறு தளர்ந்ததும், "ஐயோ, வலை போகுது!" என்று அவர் கடலை நோக்கிப் பாய்ந்தார். பயந்துபோய்த் திரும்பவும் கட்டினாள். கடலைப் பார்த்தாள். புகை தெரிந்தது. தோணியைக் காணவில்லை.

"கிழவனை விட்டிட்டு வா!" குழிக்குள்ளிருந்து நல்லம்மா கத்தினாள்.

5

முடிவு ஒன்று: அந்தச் சொல்லைச் சொல்கிறாள். மாமா பிழைக்கிறார். கனகசுந்தரம் திரும்பவில்லை. தன் வாய்தான் அவனைக் கொன்றது என்று சாகும்வரை…

முடிவு இரண்டு: சொல்லவில்லை. [இதை எழுத எனக்கு நெஞ்சுரமில்லை.]

அவள் அவர் முன்னால் குந்தி, வாயைத் திறந்துவிட்டாள். "மாமா, தோணி…"

மிச்சத்தை நான் எழுதமாட்டேன். கடலில் நிற்பவன் அவளுடைய ஆள். எனக்கு வெறும் பெயர். என் வாயால் சொல்வது சுலபம், அதனாலேயே அது நியாயமில்லை. நீங்கள் சொல்லுங்கள். அதற்குமுன் உங்கள் வீட்டு ஆள் ஒருவரை அந்தத் தோணியில் ஏற்றிவிட்டுச் சொல்லுங்கள்.