விட்டுப்போன ஒற்று

1.

இந்தக் கதை இரவல் வாங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். "கடந்த ஆண்டில் உங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த தருணத்தை எழுதுங்கள்" என்று பத்திரிகையில் கேட்டார்கள். யோசித்தேன். பிப்ரவரியில் தொலைந்த குடை ஏப்ரலில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால், அது வேறு யாருடைய குடையோ.

ஆகவே எங்கள் அச்சகத்தில் பிழை திருத்துபவரிடம் போய் நின்றேன். அவருக்கு 'ஒற்றர்' என்று பட்டப்பெயர். உளவு பார்ப்பதால் அல்ல. விட்டுப்போன ஒற்றெழுத்து எங்கே ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவதால்.

அவருடைய மனைவியிடமும் அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதுங்கண்ணே. ஆனா என் சீட்டை நான் எழுதின மாதிரியே போடணும்" என்றார்.

2.

'மழை ஓய்ந்த ஒரு மாலையில், மேசையின் இருபுறமும் இரு உள்ளங்கள்…'

(வேண்டாம். மழையே பெய்யவில்லையே என்று ஓரத்தில் எழுதிவிடுவார்.)

ஆண்டின் கடைசி ஞாயிறு. ஆளுக்கொரு சீட்டில் இந்த ஆண்டின் பெரிய சந்தோஷத்தை எழுதி மாற்றிக்கொள்ளலாம் என்றது மனைவிதான். ஒற்றர் எழுதியது: 'எழுநூறு பக்க நூல் ஒரு பிழையும் இன்றி வெளிவந்த நாள்.'

"புத்தகத்தோடயே குடித்தனம் பண்ணுங்க" என்றார் மனைவி.

ஒற்றருக்கு உள்ளுக்குள் ஒரே ஆசை: மனைவியின் சீட்டில் தான் இருக்க வேண்டும். பிரித்தார். இருந்தார்.

'நீங்க பல்லைப் பிடுங்கிட்டு வந்து பேசாம இருந்த அந்த ரெண்டு நாள்தான் எனக்கு மகிழ்சி.'

3.

இந்த இடத்தில் மனைவியை அழவைக்கலாமா என்று பார்த்தேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் பட்டால் மறுபடி காயப்போட வேண்டும். அதற்கெல்லாம் இடம் கொடுக்கிற பெண் அல்ல.

முகம் வாடியது ஒற்றருக்குத்தான். "நான் வாயைத் திறக்காம இருந்தா உனக்கு அவ்வளவு சந்தோஷமா?"

"எங்க ஆபீஸ் லிஃப்டுல நான் மாட்டிக்கிட்ட கதை ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. பயந்துபோன ஒரு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் பாட்டுப் பாடினே."

"அதை நாலு தடவை ஆரம்பிச்சேங்க. நாலு தடவையும் 'லிஃப்ட் இல்லம்மா, மின்தூக்கி'ன்னு* நிறுத்திட்டீங்க. வாயில பஞ்சு இருந்த அன்னைக்குத்தான் முழுசாக் கேட்டீங்க. அன்னைக்குத்தான் நான் லிஃப்டை விட்டு வெளியவே வந்தேன்."

* இங்கேயும் திருத்திவிடாதீர்கள், ஒற்றர் ஐயா. நகைச்சுவை போய்விடும்.

4.

நாமும் ஒவ்வொரு நாளும் கடவுளுக்கு விண்ணப்பம் போடுகிறோம். அதில் எத்தனை பிழையோ! அவர் ஓரத்தில் சிவப்பு மையால் குறி போட்டு ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. முழுதும் கேட்கிறார். ஒருவர் பேச்சை முழுதும் கேட்பதும் ஒருவகை வழிபாடுதான் என்று…

(பிரசங்கம் நீள்கிறது. கதைக்கு வருகிறேன்.)

ஒற்றர் தலையசைத்தார். ஆனால் பழக்கம் விடுமா? கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. மடித்த துணியோடு மனைவி அப்படியே நின்றுவிட்டார். பேனா முனை அந்தக் கடைசிச் சொல் வரை போனது. பிறகு மூடியைப் போட்டுவிட்டுச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு ஒற்றுதாங்க" என்றார் மறுநாள் என்னிடம், நெஞ்சைத் தடவிக்கொண்டே. "இங்க குத்துது."

5.

முடிவு ஒன்று: அவர் பேனாவை ஜன்னல் வழியே எறிகிறார். (நடக்காது. பேனா அச்சகத்துடையது.)

முடிவு இரண்டு: மனைவி இலக்கணம் கற்றுக்கொ… (அடிக்க வருவார்.)

மூன்றாவது என் கையில் இல்லை. இந்தக் கதை நாளைக்கு எங்கள் அச்சகத்துக்குத்தான் போகிறது. கடைசியாகத் திருத்துகிற மேசை அவருடையது. மனைவி கேட்டபடி, சீட்டை எழுத்து மாறாமல் இரண்டாம் பகுதியில் வைத்திருக்கிறேன். பார்த்ததும் அவர் கை பேனாவுக்குப் போகும். அதன் பிறகு என்ன ஆனது என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

கொஞ்சம் திரும்பிப்போய், அந்தச் சீட்டின் கடைசிச் சொல்லை இன்னொரு முறை பாருங்கள்.